பார்த்தாச்சு

முன்பக்கம் சத்தம் வருகிறது என்று யார் வண்டியைக் கொண்டுவந்தாலும், முதலில் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவ வேண்டும். பாதிச் சத்தம் அங்கேதான் கிடக்கும். தண்ணீர் பாட்டில், குழந்தையின் பந்து, எப்போதோ தொலைந்துபோன டார்ச் லைட். ஒரு பாட்டில் உருண்டதற்காக இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மெக்கானிக்கை எனக்குத் தெரியும். உங்கள் ஜீப் வாசலில் வந்து நின்றபோதுகூடக் கேட்டேன் சார். வலது பக்கம் ஒரு கீச்சு இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, பிரேக் தட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரம் லேசாக வளைந்து உரசுகிறது. விரலாலேயே நிமிர்த்திவிடலாம், போகும்போது நினைவுபடுத்துங்கள். ஜீப்பை மட்டும் அந்தச் சாய்வுப் பலகையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். பலகை நேராகத் தெருவில்தான் இறங்குகிறது, இங்கே லாரிகள் வளைவில் தெரியாமல் வரும்.

உட்காருங்கள். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள், உள் அறையில் பாப்பா தூங்குகிறாள். பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள்தான், அன்றைக்கு வண்டியை ஓட்டியவள். கல்யாணமாகிப் போனபிறகும் இந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயர் வரவில்லை.

உங்களை வரச்சொன்ன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விபத்தைப் பற்றி நீங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. ஸ்டியரிங் கம்பியின் நட் கழலாமல் குத்துகிற பின்னைப் போட மறந்துவிட்டார், வயதானவர், கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசாயிடுச்சுல்ல மாமா, மறந்திருப்பீங்க. நான் மனசுல எதுவும் வச்சுக்கல," என்றார். தங்கமான மனிதர். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறதிக்காரர் கையில் பாப்பாவை விட்டுவைக்க அவருக்குப் பயமாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வந்து தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறாராம். தான் வேலை பார்க்கிற ஊரில் கீழ்த்தளமாக வீடு பார்த்துவிட்டாராம்.

நான் மறக்கவில்லை சார். இன்றுவரை எந்த வண்டியிலும் எதையும் மறந்ததில்லை. அதை நீங்கள் திருத்தி எழுத வேண்டும், மாப்பிள்ளையிடமும் நீங்களே சொல்ல வேண்டும். அதிகாரி வாயால் கேட்டால் அவர் நம்புவார்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். பஸ் டிப்போவில் முன்பக்கம்தான் எனக்கு ஒதுக்கிய இடம். சக்கரம், ஸ்டியரிங், ஸ்பிரிங் பட்டை. டிரைவர் வண்டியை விட்டுவிட்டு, முன்னாடி ஏதோ சத்தம், பாருங்க என்று சொல்லிவிட்டுப் போவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அப்படிப்பட்ட டிரைவர்களும் உண்டு. ஆனாலும் பார்ப்போம். மறுநாள் சாவியை வாங்கும்போது அவருக்கு ஒரே கேள்விதான், பார்த்தாச்சா என்று. பார்த்தாச்சு என்பேன். அதற்குமேல் பேச்சே கிடையாது. என்ன கோளாறு, எதை மாற்றினாய் என்று எந்த டிரைவரும் கேட்கமாட்டார். கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். சரிசெய்ய முடியாமல் போனால் "பார்க்கணும்" என்போம், அந்த வண்டியை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். இந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் டிப்போ ஓடியது.

ஆனால் வார்த்தையை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். பார்த்தாச்சு என்றால் பார்த்தாகிவிட்டது, அவ்வளவுதான். சரிசெய்தாகிவிட்டது என்று அதில் எங்கே இருக்கிறது? இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொய் சொன்னார் என்றும் நீங்கள் பிறகு எழுதிவிடக் கூடாது.

என் மனைவி இருந்தவரை இந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. பாத்திரத்தை மெதுவாக வைக்கத் தெரியாத பெண் அவள். அவள் போனபிறகு வீடு அடங்கிவிட்டது. நான் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் எழுந்தால் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கும். அது திடீரென்று நிற்கும்போது எனக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். மறுபடி ஓட ஆரம்பிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பயம்தான் சார், வேறு என்ன பெயர் வைப்பது? ஒரு முழுநாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் பால் வாங்கும்போது குரல் கம்மிப்போய் வெளியே வராத அனுபவம் உங்களுக்கு இருக்காது.

பாப்பா ஊரின் அந்தக் கோடியில் இருந்தாள். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தாள். பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு போன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சாப்டீங்களாப்பா என்பாள், சாப்ட்டேன் என்பேன், சரி வைக்கவாப்பா என்பாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவளுக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது. என்னிடம்தான் எதுவும் இல்லை.

அப்போதுதான் அந்த முதல் சத்தம் வந்தது. அது நிஜமான சத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "அப்பா, முன்னாடி ஏதோ கடகடன்னு வருது. மேடு பள்ளத்துல மட்டும். கொஞ்சம் பாருங்களேன்," என்றாள்.

எவ்வளவு அழகாகச் சொன்னாள் பாருங்கள். மேடு பள்ளத்தில் மட்டும் என்று சொன்னாளே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மேடு பள்ளத்தில் கடகட என்றால் ஒரு காரணம். திருப்பும்போது டிக்டிக் என்றால் வேறு காரணம். வேகம் கூடக்கூட ஊளையிட்டால் பேரிங். பிரேக் போடும்போது கீச்சென்றால் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. இதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் காது என் காது.

அன்றைக்கு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு உள்ளே ஏறி, நான் கீழே படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல ஸ்டியரிங்கைத் திருப்பினாள். இடது, இன்னும் கொஞ்சம், போதும். ஒரு சின்ன இணைப்புக் கம்பி தேய்ந்திருந்தது, வாங்கிவந்து மாற்றினேன். சேர்ந்து சாப்பிட்டோம். மத்தியானம் தன் பழைய அறையில் படுத்துத் தூங்கினாள். அவள் புரண்டு படுக்கும்போது கட்டில் முனகியது எனக்குக் கூடத்தில் கேட்டது. சாயங்காலம் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் சுத்தமாகப் போய்விட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அதற்குப் பிறகு வெகுநாள் வரவே இல்லை. சத்தமே இல்லாத வண்டியை யார் கொண்டுவருவார்கள்?

அடுத்து நடந்தது தற்செயல், நம்புங்கள். ஏதோ சாமான் எடுக்க வந்தவள், டயரில் காற்று கம்மியாகத் தெரிகிறது என்றாள். சக்கரத்தின் மூடியைக் கழற்றி மாட்டும்போது சட்டைப்பையில் இருந்த ஒரு சின்ன நட் உள்ளே விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அதை மறதி என்று சொல்லக் கூடாது, கைத்தவறு. அடுத்த வாரமே வந்துவிட்டாள். புதுசா ஒரு சத்தம்ப்பா, மெதுவாப் போனா டொக் டொக்னு வருது, வேகமாப் போனா காணோம் என்றாள். மூடியைத் தட்டிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷ வேலை.

ஆனால் அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். தலைமுடியை முடிந்துகொண்டு, "எங்கிருந்துப்பா ஆரம்பிக்கலாம்?" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. இது கொஞ்சம் பார்க்கணும் பாப்பா என்றேன். சாயங்காலம்வரை பார்த்தோம்.

அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஒன்றைச் சரிசெய்யும்போது அடுத்ததற்கு வழிபண்ணி அனுப்புவேன். உங்கள் ஜீப்பில் உரசுகிறதே, அந்தத் தகரம், அதை ஒரு விரல் அழுத்து அழுத்தினால் போதும், பத்து நாளைக்கு ஒரு கீச்சு கிடைக்கும். பானெட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பரை எடுத்துவிட்டால் முன்பக்கம் முழுதும் நடுங்குகிற மாதிரி இருக்கும். எல்லாம் வெறும் சத்தம், ஆபத்து துளியும் இல்லாத சத்தம். அதில் நான் கறாராக இருந்தேன். நோயே இல்லாமல் இருமல் மட்டும் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதையெல்லாம் சேர்த்துத் தைப்பவர். ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார், "என்ன அண்ணே, உங்க பொண்ணு வண்டிக்கு மட்டும் வாராவாரம் உடம்புக்கு வந்துடுது? புள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுற கதையால்ல இருக்கு." நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த தடவையிலிருந்து வண்டியை உள்ளே விட்டு வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் வேலை பார்த்தேன். அந்தப் பழமொழியில் எனக்கு உடன்பாடில்லை. வலிக்கிற மாதிரி நான் கிள்ளியதே இல்லை, அதுவரைக்கும்.

அன்றைக்குச் செத்துப்போன வாட்ச்மேனைப் பற்றிக் கேட்கிறீர்கள். வருகிறேன் சார். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்த செய்தி வந்தபோது நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பாப்பாவின் பாதம் மட்டும் தெரிந்தது. ஒரு செருப்பை இன்னொரு செருப்பால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். எவ்வளவு தூரம் என்றேன். ஒரு நாள் முழுக்க ஓட்டணும் என்றாள். ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தேன்.

"அப்ப யாரு பாப்பா பார்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"அங்கயும் மெக்கானிக் இருப்பாங்கப்பா," என்று சிரித்தாள். "இவரு இந்த வண்டியையே குடுத்துட்டுப் புதுசு எடுக்கலாங்கிறாரு. உங்களுக்கும் சிரமம் இருக்காதுல்ல."

நான் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை சார். என்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பார்ப்பது என்றால் எத்தனையோ இருக்கிறது. அவள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடியில் படுத்திருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை, அது ஒரு விதத்தில் நல்லதுதான். இரும்புத்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீடு மாறும் நாள் வந்தது. சாமான்களை ஏற்றிய லாரியில் மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். பாப்பா காரை ஓட்டிக்கொண்டு பின்னால் போவதாக ஏற்பாடு. காலையில் இங்கே வந்து, தூரப் பயணம், ஒருதடவை முழுசாகப் பார்த்துவிடுங்கள் என்று சாவியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு தையல்காரம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள்.

முழுசாகப் பார்த்தேன். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினேன், பக்கவாட்டில் ஆட்டினேன், சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். எல்லாம் கச்சிதம். வாராவாரம் என் கை பட்ட வண்டி, எங்கிருந்து ஆடும்? அவ்வளவு நல்ல முன்பக்கத்தை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. அந்த வண்டி போனால் போனதுதான், திரும்பி வர அதற்கு ஒரு காரணமும் இல்லை. சின்னச் சத்தமெல்லாம் இனி உதவாது. கீச்சுக்கும் நடுக்கத்துக்கும் ஒரு நாள் தூரத்தை யாரும் திரும்பி ஓட்டமாட்டார்கள். பயந்து திரும்புகிற மாதிரி ஒரு சத்தம் வேண்டும், அதுவும் ஊரைத் தாண்டுவதற்குள்.

ஸ்டியரிங் சொல்வதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக ஒரு கம்பி இருக்கிறது. அது சக்கரத்தோடு சேரும் இடத்தில் கிரீடம் மாதிரிப் பல் வெட்டிய ஒரு நட். அந்த நட் கழலாமல் இருக்கப் பல்லிடுக்கில் ஒரு பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடித்துவிடுவோம். பெண்கள் தலையில் குத்துகிற கொண்டை ஊசி மாதிரியே இருக்கும். இடது பக்கத்துப் பின்னை எடுத்தேன். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் கம்பியின் பிடியை விடுவித்தேன். இனி அது ஓடஓடத் தட்டும். முதலில் மெதுவாக, பிறகு நன்றாகக் கேட்கும்படி. கழன்று விழ நெடுநேரம் ஆகும். அதற்கு வெகு முன்னாலேயே பாப்பாவுக்குக் கேட்டுவிடும், அவள் காதுதான் என் காதாயிற்றே. திரும்பி வருவாள். பார்க்கணும் என்பேன். சாமான் கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்பேன். அந்த நாட்களில் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்காதீர்கள், அதை யோசித்து வைக்கவில்லை.

அவள் திரும்பி வந்து, "பார்த்தாச்சாப்பா?" என்றாள்.

"பார்த்தாச்சு," என்றேன்.

டிப்போக்காரன் மகள் அல்லவா, அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போயிட்டு வரேன்ப்பா என்று கையைப் பிடித்துவிட்டு ஏறினாள்.

அவள் போனதும் அவள் அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். இரண்டு பேருக்கு உலை வைத்தேன். போனை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிரிட்ஜ் நின்றபோது நெஞ்சு திக்கென்று ஆகவில்லை. சந்தோஷமாக இருந்தேன், மறைக்கவில்லை.

போன் வந்தது. "அப்பா, இடது பக்கம் டொக்கு டொக்குன்னு அடிக்குது. ஸ்டியரிங் ஒரு மாதிரி லூசா இருக்கு. நீங்க பார்த்தீங்கள்ல?"

குரலில் பயம் இருந்தது. எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. எங்கே இருக்கிறாய் என்றேன். ஊரைத் தாண்டி வாய்க்கால் பாலமும் கடந்தாயிற்று என்றாள். நான் கணக்குப் போட்டதைவிட அதிக தூரம் போயிருந்தாள். அப்படியானால் நட் நான் நினைத்ததைவிட அதிகமாகவே கழன்றிருக்க வேண்டும்.

"ஓரமா நிறுத்திடவாப்பா? பக்கத்துல ஒரு மெக்கானிக் கடை தெரியுது."

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். டிப்போவில் புதிய டிரைவர் வந்தால் முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எந்தச் சத்தத்தோடும் ஓட்டலாம், டிப்போவரை வந்து சேரலாம். ஸ்டியரிங் லூசானால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்து, இறங்கு, சாவியை எடுத்துக்கொள், கடவுளே வந்து சொன்னாலும் ஓட்டாதே. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை. சின்ன வார்த்தைதான்.

ஆனால் நிறுத்தினால் அந்தக் கடைக்காரர் பார்ப்பார். பின் இல்லாததைக் கண்டுபிடிப்பார். வேறொரு பின்னைக் குத்தி, நட்டை முறுக்கிவிட்டு, போங்கம்மா என்று அனுப்பிவிடுவார். அவள் போயேவிடுவாள். போனதோடு, பார்த்தாச்சு என்று அப்பா சொன்னாரே என்றும் வழியெல்லாம் யோசிப்பாள்.

"கடையெல்லாம் வேணாம் பாப்பா," என்றேன். "நான் பார்த்ததுதான், ஒண்ணும் ஆகாது. மெதுவா திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்துடு."

"சரிப்பா," என்றாள்.

வாய்க்கால் பாலத்தின் வளைவில் கம்பி கழன்றது. அவள் என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள், அதை மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்த வாட்ச்மேன் குறுக்கே இருந்தார். அவர் கொஞ்சம் ஓரமாகப் போயிருக்கலாம். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று போன தடவை சொன்னீர்கள். அப்பா எப்போது வருவார் என்று வாசலில் நின்றிருந்தாளாம். அந்தப் பெண்ணைப் பற்றி நான் நினைக்கவில்லை என்று எண்ணாதீர்கள். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பாப்பா உயிர் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "பார்த்தாச்சுன்னு சொன்னீங்களேப்பா," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. நான் அழுதேன் சார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவள் வலியில் பல்லைக் கடித்தபோதெல்லாம் எனக்குத்தான் தாடை வலித்தது.

வீட்டுக்கு அழைத்துவந்த நாளிலிருந்து நான்தான் எல்லாம் செய்கிறேன். குளிப்பாட்ட மட்டும் தையல்காரம்மா வருவார். தலை வாரிக் கொண்டை போட நான் பழகிக்கொண்டேன். வேளைக்கு வேளை மருந்து, ஒன்றுகூடத் தவறியதில்லை, வேண்டுமானால் அவளையே எழுப்பிக் கேளுங்கள். கட்டில் முனகுவது எனக்குக் கூடத்தில் கேட்கிறது. பிரிட்ஜ் நின்றாலும் எனக்குத் தெரிவதில்லை. இப்படிப் பார்த்துக்கொள்கிறவனைத்தான் மறதிக்காரன் என்கிறார்கள்.

நீங்கள் எல்லா இடத்திலும் தேடிய அந்தப் பின், அலமாரியில் இருக்கிற சின்ன டப்பாவில் இருக்கிறது. அவள் கொண்டை ஊசிகளோடு போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். கால் இரண்டும் நிமிர்ந்திருக்கும், குறடால் நிமிர்த்திய தடம் தெரியும். போட மறந்த புதுப் பின்னில் அந்தத் தடம் இருக்காது. நான் கழற்றினேன், தெரிந்து கழற்றினேன், நிறுத்தச் சொல்லாமல் ஓட்டச் சொன்னேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். மாமாவுக்கு மறதி இல்லை, அவர் கையில் நம்பி விட்டுவைக்கலாம் என்று சொல்லுங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வேறு வழி என்ன இருக்கிறது எனக்கு? நேற்று அவளே சொல்லிவிட்டாள், "நான் அவரோட போறேன்ப்பா" என்று. போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை, கவனித்தேன். வாசல் பலகையை மாப்பிள்ளைதான் போட்டுவிட்டுப் போனார், அவளுடைய சக்கர நாற்காலியை உருட்டி இறக்குவதற்காக. கொஞ்சம் சரிவு அதிகம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை நாற்காலியில் கூடத்துக்கு வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். முன்சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறது என்றாள். அந்தக் காதை யாரால் ஏமாற்ற முடியும்? அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நாற்காலியைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போனேன். வேலையை முடித்து நாற்காலியோடு திரும்பி வந்ததும் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்காமலே இருந்த அந்த வார்த்தையை இன்றைக்குக் கேட்டாள், "பார்த்தாச்சாப்பா?" என்று.

பார்த்தாச்சு என்றேன்.

எழுந்திருக்காதீர்கள் சார், அவள் முழித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை பலகையில் இறங்கும்போது நாற்காலியின் முன்சக்கரம் தட்டும், மாப்பிள்ளைக்கே கேட்கும், இதோடு தூரம் போக முடியாது மாமா, நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்று திருப்பி உள்ளே தள்ளிவருவார். அவ்வளவுதான். நான் நன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் தளர்த்தியிருக்கிறேன். இந்தத் தடவை வெறும் சத்தம்தான்.